எண்டர் தட்டுவதற்கு முன் விடையைச் சொல்லுங்கள்: வணிகம் படிக்க வருகிறவர்களுக்குக் கணிதமும் விரிதாளும்

நிலாவெளி வீதியில் பஸ் ஏறி, கோணேசபுரியில் இறங்கி, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்குள் முதல் நாள் நுழைகிற வணிகத்துறைப் பிள்ளைகளில் பலருடைய கதை ஒன்றுதான். உயர்தரத்தில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல். கணிதத்தைக் கடைசியாகத் தொட்டது சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில். அதற்குப் பிறகு உயர்தர வகுப்பு, பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு என்று வருடங்கள் ஓடிவிடும். பின்னமும் சமன்பாடும் கையை விட்டுப் போயிருக்கும். இங்கே வந்து உட்கார்ந்ததும் வணிகக் கணிதம், புள்ளிவிபரவியல், கிரயக் கணக்கீடு, நிதி முகாமைத்துவம் என்று வரிசையாக வந்து நிற்கும். கூடவே எக்செல் என்கிற விரிதாள்.

உப்புவெளியில் மாலை நேரங்களில் இப்படியான பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குச் செய்வது என் வழக்கம். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகிவிட்ட விசயம் ஒன்று இருக்கிறது. கணிதத்தை ஒரு பக்கமும் விரிதாளை இன்னொரு பக்கமும் தனித்தனியாகப் படிக்கிறவர்கள் இரண்டிலும் தடுமாறுகிறார்கள். ஒரே கணக்கை முதலில் கொப்பியில் சின்ன எண்ணில் செய்து, விடையை மனதில் வைத்துக்கொண்டு, பிறகு விரிதாளில் செய்கிறவர்கள் சீக்கிரம் ஏறிப் போகிறார்கள். அந்த வழியைத்தான் படிப்படியாக இங்கே சொல்கிறேன். வளாகம் தொடங்குவதற்கு முன் ஆறு வாரம் கிடைத்தால் போதும். தொடங்கிவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

முதல் இரண்டு வாரம் கொப்பியும் பேனையும்

கணினியைத் திறக்க வேண்டாம். தரம் 10, தரம் 11 கணிதப் பாடப்புத்தகங்களை எடுங்கள். வீட்டில் இல்லாவிட்டால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே இலவசமாகத் தரவிறக்கலாம். பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தூக்குவதா என்று கூச்சப்படாதீர்கள். முதலாம் வருட வணிகக் கணிதத்தின் அத்திவாரம் முழுக்க அந்த இரண்டு புத்தகத்துக்குள் இருக்கிறது. பின்னம், விகிதம், சதவீதம், சமன்பாடு, சுட்டியும் மடக்கையும், வரைபு, தாயம். கேத்திரகணிதத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பின்னமும் சமன்பாடும் நாலைந்து நாளில் திரும்பி வந்துவிடும். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் சதவீதம். எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிற பாடம் அது. வணிகத்தில் வருகிற பிழைகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. எந்தச் சதவீதத்தைக் கண்டாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: எதில் சதவீதம்?

800 ரூபாவுக்கு வாங்கிய பொருளை 1,000 ரூபாவுக்கு விற்கிறீர்கள். இலாபம் 200. கிரயத்தில் பார்த்தால் 25 சதவீதம், விற்பனை விலையில் பார்த்தால் 20 சதவீதம். கடை முதலாளி ஒன்றைச் சொல்வார், கணக்காளர் மற்றதைச் சொல்வார், இரண்டு பேரும் சொல்வது சரி. பரீட்சை வினாவில் எது கேட்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் எழுதினால் மிச்சக் கணக்கு முழுவதும் பிழைத்துப் போகும்.

அடுத்தது பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரியிலிருந்து அது 18 சதவீதம். வரியோடு சேர்த்து 1,180 ரூபா என்று ஒரு பில் இருக்கிறது. வரிக்கு முந்திய விலை என்ன? 1,180இல் 18 சதவீதத்தைக் கழித்து 967.60 என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். வரி போட்டது 1,000 ரூபாவில், 1,180இல் இல்லை. எனவே 1.18ஆல் வகுக்க வேண்டும். அதே போல, ஹோட்டல் பில்லில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்த்து, அந்தத் தொகைக்கு மேல் 18 சதவீத வரி போட்டால் மொத்தக் கூடுதல் 28 இல்லை. 1.10ஐ 1.18ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1.298. அதாவது 29.8 சதவீதம்.

இன்னொன்று நாங்கள் எல்லோரும் வாழ்ந்து பார்த்தது. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அந்த வருட மே மாதத்தில் ஏறத்தாழ 360. டொலரின் விலை 80 சதவீதம் கூடியது. ரூபாவின் பெறுமதி 80 சதவீதம் குறைந்ததா? இல்லை. முன்பு 360 ரூபாவுக்கு 1.80 டொலர் கிடைத்தது, பிறகு 1 டொலர் கிடைத்தது. 0.80ஐ 1.80ஆல் வகுத்தால் 44.4 சதவீத வீழ்ச்சி. ஒரே சம்பவம், இரண்டு எண். பத்திரிகையில் எது வந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் சதவீதம் உங்கள் கைக்கு வந்துவிட்டது.

பணவீக்கத்தையும் இதோடு செய்து முடியுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி வருடாந்தப் பணவீக்கம் 69.8 சதவீதம். அடுத்த வருட செப்டெம்பரில் 1.3 சதவீதம். பணவீக்கம் இப்படி விழுந்த பிறகும் ஏன் அரிசி விலை பழைய இடத்துக்கு வரவில்லை என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். கொப்பியில் 100 ரூபாவில் தொடங்குங்கள். முதல் வருடம் 169.80. அதற்கு மேல் 1.3 சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 172. ஏறும் வேகம் குறைந்திருக்கிறது, விலை இறங்கவில்லை. அம்மாவுக்கு இதை எண்ணோடு விளங்கப்படுத்திப் பாருங்கள். இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கு எங்கே தெளிவில்லை என்று தெரியவரும்.

இரண்டு மொழிக் கொப்பி

பாடசாலையில் தமிழில் கணிதம் படித்துவிட்டு இங்கே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும்போது, தெரிந்த விசயமே தெரியாத விசயம் போல இருக்கும். நியம விலகல் என்று படித்தது ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்று வரும். இடையம் மீடியன் ஆகும், ஆகாரம் மோட் ஆகும், தாயம் மேட்ரிக்ஸ் ஆகும், மடக்கை லொக் ஆகும், வகையிடல் டிஃபரன்ஷியேஷன் ஆகும். கணிதத்தில் பலவீனம் என்று தன்னைப் பற்றி முடிவு கட்டிவிட்ட எத்தனையோ பிள்ளைகளுக்கு உண்மையில் இந்தச் சொல் இடைவெளிதான் பிரச்சினை. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விசயம், ஏனென்றால் ஒரு சின்னக் கொப்பியால் தீரக்கூடியது.

கொப்பியின் ஒரு பக்கத்தில் தமிழ்ச் சொல், எதிர்ப் பக்கத்தில் ஆங்கிலச் சொல், கீழே இரண்டு வரியில் ஒரு சின்னக் கணக்கு. கணக்கு இல்லாமல் சொல்லை மட்டும் எழுதிவைத்தால் அகராதி மாதிரி மூடி வைத்துவிடுவீர்கள். ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும்.

மூன்றாவது வாரம் விரிதாளைத் திறப்பது

எக்செல் இருந்தால் நல்லது. பணம் கொடுத்து வாங்க வசதி இல்லாவிட்டால் லிப்ரே ஒஃபிஸில் உள்ள கல்க் முழுக்க இலவசம், ஒருமுறை தரவிறக்கினால் டேட்டா இல்லாமலும் ஓடும். கூகுள் ஷீட்ஸும் இலவசம். போனில் பழகுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சின்னத் திரையில் நிரைகளும் நிரல்களும் எங்கே ஓடுகின்றன என்று கண்ணுக்குப் பிடிபடாது. மடிக்கணினி இல்லாதவர்கள் வளாகத்தின் கணினி ஆய்வுகூடத்தில் ஆளில்லாத நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விரிதாளின் ஒவ்வொரு கட்டமும் ஒரு கலம், கணக்கைத் தானே செய்து தரும் கட்டளை ஒரு சார்பு. கீழே சார்புகளின் பெயர்களையும் கலங்களின் பெயர்களையும் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதல் தாளில் உங்கள் சொந்தச் செலவை எழுதுங்கள். திகதி, விபரம், தொகை என்று மூன்று நிரல். பஸ், சாப்பாடு, ரீலோட், போட்டோக் கொப்பி. ஒரு வாரம் எழுதியதும் கீழே, கூட்டித் தருகிற சம் சார்பைப் போடுங்கள். ஆனால் எண்டர் தட்டுவதற்கு முன் கையை எடுத்துவிட்டு, மொத்தம் எவ்வளவு வரும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சரியாக இருக்க வேண்டியதில்லை. நாலாயிரம் அளவில் வரும் என்று சொன்னால் போதும். திரையில் 3,870 வந்தால் சரி. 2,150 வந்தால் நில்லுங்கள், ஏதோ இருக்கிறது.

பெரும்பாலும் இருப்பது இதுதான்: ஏதோ ஒரு கலத்தில் எண் இல்லை, எண் மாதிரியான எழுத்து இருக்கிறது. 850 என்பதற்கு முன்னால் ரூ. என்று தட்டியிருப்பீர்கள், அல்லது இலக்கங்களுக்கு நடுவில் ஒரு இடைவெளி விழுந்திருக்கும். அப்படிப்பட்ட கலத்தைச் சம் சார்பு கணக்கில் எடுக்காது, பிழை என்று சொல்லவும் மாட்டாது. அடையாளம் எளிது. எண் கலத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். நீங்களாக ஒழுங்குபடுத்தாதவரை இந்த அடையாளம் பொய் சொல்லாது. அதனால் தொடக்கத்தில் எண்களை நடுவுக்கு நகர்த்தி அழகுபடுத்த வேண்டாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தொலைபேசி எண், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை பார்க்க எண் மாதிரி இருந்தாலும் அவற்றைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. அவற்றை எழுத்தாகவே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூச்சியம் காணாமல் போகும், 15 இலக்கத்துக்கு மேல் இருந்தால் கடைசி இலக்கங்கள் பூச்சியமாக மாறிவிடும். திகதியிலும் கவனம் தேவை. ஏப்ரல் 3ஐ நீங்கள் நாள் முதலில் வைத்து எழுத, கணினி மாதத்தை முதலில் வாசித்து மார்ச் 4 ஆக்கிவிடலாம். மாதத்தை எழுத்தில் காட்டும் வடிவத்தைத் தெரிந்தெடுத்தால் உடனே கண்ணில் படும்.

அடுத்த பயிற்சிக்குச் சம்பளப் பட்டியல் மிகப் பொருத்தம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8 சதவீதம், தொழில்தருநர் பங்கு 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் 3 சதவீதம். இந்த மூன்று வீதத்தையும் தாளின் மேலே பி1, பி2, பி3 கலங்களில் எழுதுங்கள். கீழே ஐந்து ஊழியரின் பெயரும் சம்பளமும். முதலாமவருக்கு 45,000 என்று வையுங்கள். எண்டருக்கு முன் கையால்: அவரிடம் கழிப்பது 3,600, முதலாளி போடுவது 5,400, மற்ற நிதிக்கு 1,350. கையில் கிடைப்பது 41,400. முதலாளிக்கு அவரால் ஆகும் செலவு 51,750.

இப்போது சூத்திரத்தை எழுதிக் கீழே இழுங்கள். முதலாமவருக்கு 3,600 சரியாக வரும். இரண்டாமவருக்குப் பிழையான எண் வரும். சூத்திரத்தை இழுக்கும்போது பி1 தானாகவே பி2 ஆகிவிடுகிறது, அதனால்தான். கலத்தின் பெயரில் எழுத்துக்கு முன்னும் எண்ணுக்கு முன்னும் டொலர் குறி போட்டால், அதாவது $பி$1 என்று எழுதினால், அது அசையாது. எக்செல்லில் எஃப்4 விசையைத் தட்டினால் குறி தானே விழும். முதல் பருவத்தில் என்னிடம் வரும் பிள்ளைகளின் பிழைகளில் அதிகமானது இந்தக் குறி விடுபட்டதுதான். ஆகவே இந்த ஒரு பயிற்சியை மூன்று நாள் மூன்று விதமாகச் செய்யுங்கள். 8 சதவீதத்தைச் சூத்திரத்துக்குள் நேராக எழுதிவிடலாமே என்று தோன்றும். எழுதாதீர்கள். வீதம் மாறினால் மேலே ஒரு கலத்தைத் திருத்தினால் போதும் என்று இருக்க வேண்டும். மாறக்கூடிய எந்த எண்ணும் சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கக் கூடாது.

பெரியம்மாவின் கடன் புத்தகம்

வட்டிக் கணக்கைப் புத்தகத்தில் படித்து எழுதிப் பாஸ் பண்ணியிருப்பீர்கள். அது எவ்வளவு பெரிய விசயம் என்று எனக்கு உறைத்தது பெரியம்மாவின் கடன் புத்தகத்தைக் கையில் எடுத்த அன்றுதான். ஒரு சின்ன நீல அட்டைப் புத்தகம். மூலையெல்லாம் மடிந்து, ஒவ்வொரு தவணைக்கும் ஒரு கையெழுத்து. தையல் மெஷினுக்காக 100,000 ரூபா எடுத்திருந்தார். "நூற்றுக்கு ரெண்டு வட்டி தம்பி, வருசத்துக்கு இருவத்தினாலு" என்றார். 12 மாதத் தவணை, ஒவ்வொன்றும் 10,333 ரூபா.

கணக்கு எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 100,000இல் 24 சதவீதம் 24,000. இரண்டையும் கூட்டி 12ஆல் வகுத்தால் 10,333. பார்க்க நேராக இருக்கிறது. ஆனால் முதல் மாதமே பெரியம்மா வாங்கிய கடனில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். ஆறாம் மாதம் முடியும்போது பாதிக்குக் கிட்டக் கொடுத்து முடித்திருப்பார். வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு ஒரு இலட்சத்துக்கும் ஓடுகிறது.

அன்று இரவு அதை விரிதாளில் விரித்தேன். நீங்களும் செய்யுங்கள். ஐந்து நிரல்: மாதம், தொடக்க நிலுவை, வட்டி, தவணை, இறுதி நிலுவை. மேலே தனிக் கலத்தில் மாத வட்டி வீதம். வட்டி என்பது தொடக்க நிலுவையை வீதத்தால் பெருக்கியது. இறுதி நிலுவை என்பது தொடக்க நிலுவையோடு வட்டியைக் கூட்டித் தவணையைக் கழித்தது. அடுத்த மாதத்தின் தொடக்கம் இந்த மாதத்தின் இறுதி. வீதக் கலத்தில் 2 சதவீதம் போட்டு 12 மாதம் கீழே இழுங்கள். 12ஆம் மாத முடிவில் நிலுவை பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். அதாவது உண்மையில் 2 சதவீதமாக இருந்தால் கடன் அதற்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டும். வீதத்தை 3 ஆக்குங்கள், 3.5 ஆக்குங்கள். நிலுவை பூச்சியத்தை நெருங்கி, தாண்டும். சரியாகப் பூச்சியத்தில் நிற்கும் வீதம் 3.475. முதல் மாதம் கொடுத்த 10,333இல் 3,475 வட்டிக்குப் போகிறது, 6,858தான் கடனில் கழிகிறது. அடுத்த மாதம் 93,142இல் தொடங்குகிறது.

மாதம் 3.475 என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 41.7 சதவீதம். பெரியம்மாவுக்குச் சொல்லப்பட்டது 24. குறைந்து போகும் நிலுவையில் மாதம் 2 சதவீதம் என்று கணக்குப் போட்டிருந்தால் தவணை 9,456 ரூபாதான் வந்திருக்கும். வருடம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 10,500 ரூபாவுக்கு மேல் வித்தியாசம். கூலித் தையலில் அந்தப் பணத்தைச் சேர்க்க எத்தனை சட்டை தைக்க வேண்டும் என்று பெரியம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்தத் தாளைக் கையால் விரித்து விளங்கிய பிறகு மட்டும் குறுக்குவழிக்குப் போங்கள். வட்டி வீதத்தைத் தேடித் தரும் ரேட் சார்பில் தவணை எண்ணிக்கை 12, தவணை கழித்தல் 10,333, கடன் 100,000 என்று கொடுத்தால் அதே 3.475 வரும். தவணைத் தொகையைத் தரும் பீஎம்டி சார்பில் 2 சதவீதம், 12, கழித்தல் 100,000 என்று கொடுத்தால் 9,456 வரும். கையில் வருகிற பணம் ஒரு குறி, கையை விட்டுப் போகிற பணம் எதிர்க்குறி என்பதை மறக்காதீர்கள். வருட வீதத்தை மாதத் தவணையோடு கலக்கவும் வேண்டாம்.

நிதி முகாமைத்துவத்தில் வருகிற என்பீவீ சார்பிலும் ஒரு குழி இருக்கிறது. பெயர் தேறிய நிகழ்காலப் பெறுமதி என்றாலும், நீங்கள் கொடுக்கும் முதல் தொகையை அது ஒரு வருடம் கழித்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். இன்றைக்கே போடும் முதலீட்டைச் சார்புக்கு வெளியே கூட்ட வேண்டும். 200,000 முதலீடு, மூன்று வருடம் 80,000 வீதம், எதிர்காலப் பணத்தை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் கழிவு வீதம் 12 சதவீதம் என்றால் சரியான விடை கழித்தல் 7,853. முதலீட்டையும் உள்ளே போட்டால் கழித்தல் 7,012 என்று காட்டும்.

தயிர்ச் சட்டியும் வகையிடலும்

வகையிடல் என்றவுடன் பயப்படுகிறவர்களுக்கு நான் வழக்கமாகக் கொடுப்பது ஒரு தயிர்க் கணக்கு. மூதூர்ப் பக்கமிருந்து எருமைத் தயிர் எடுத்து நகரத்தில் விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் நான் கணக்குக்காகப் போட்டவை. ஒரு சட்டியின் கிரயம் 450, விற்பனை விலை 600, கடை வாடகையும் வண்டியும் மாதம் 60,000.

ஒரு சட்டியில் மிஞ்சுவது 150. 60,000ஐ 150ஆல் வகுத்தால் 400 சட்டி. இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று நிற்கும் இடம் அது. இப்போது யாரோ 10 சதவீதம் கழிவு கொடுத்தால் சனம் வரும் என்கிறார். விலை 540. கிரயம் குறையவில்லை, ஆகவே மிஞ்சுவது 90. இனி 667 சட்டி விற்றால்தான் கைக்காசு போகாது. பத்து சதவீதக் கழிவுக்கு மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாக விற்க வேண்டியிருக்கிறது. கொப்பியில் இரண்டு வரிக் கணக்கு இது.

சரி, விலையைக் கூட்டினால்? வாங்குவது குறையும். விற்கும் சட்டிகள் 1,600இலிருந்து விலையின் இரு மடங்கைக் கழித்தது என்று வையுங்கள். 600 ரூபாவில் 400 சட்டி. விரிதாளில் விலை 600இலிருந்து 650 வரை பத்துப் பத்தாக எழுதி, பக்கத்தில் சட்டிகள், அடுத்ததில் இலாபம் என்று நிரப்புங்கள். இலாப நிரலில் 0, 800, 1,200, 1,200, 800, 0 என்று வரும். ஏறி, மேலே கொஞ்சம் தட்டையாகி, இறங்குகிறது. வரைபாகப் போட்டால் ஒரு மேடு. அதன் உச்சி 620க்கும் 630க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று கண்ணாலேயே தெரிகிறது.

இதைப் பார்த்த பிறகு கொப்பிக்கு வாருங்கள். விலையிலிருந்து 450ஐக் கழித்து, சட்டிகளால் பெருக்கி, 60,000ஐக் கழித்து விரித்தால் இலாபத்தில் விலையின் வர்க்கத்தோடு கழித்தல் 2உம், விலையோடு 2,500உம் நிற்கும். வகையிட்டால் கழித்தல் 4 தர விலை சக 2,500. அதைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் விலை 625. அங்கே இலாபம் 1,250. மேட்டின் உச்சியில் சரிவு பூச்சியம் என்று விரிவுரையாளர் சொன்னது இதைத்தான். உச்சியை முதலில் கண்ணால் பார்த்த பிள்ளை அந்த வாக்கியத்தை மறப்பதில்லை.

எக்செல்லிலும் கல்க்கிலும் கோல் சீக் என்று ஒரு வசதி உண்டு. இலாபம் பூச்சியமாக விலை என்னவாக இருக்க வேண்டும் என்று கேட்டால் தேடிக் கொடுக்கும். 560இலிருந்து தேடச் சொன்னால் 600 என்றும், 700இலிருந்து தேடச் சொன்னால் 650 என்றும் சொல்லக்கூடும். இரண்டும் சரி. விடை ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்று வரைபைப் பார்த்தவருக்கு மட்டும் தெரியும்.

புள்ளிவிபரம்

உங்களை இந்த வளாகத்துக்குக் கொண்டுவந்த இசட் புள்ளியிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் ஒரு பாடத்தில் 65 எடுத்தார், அந்தப் பாடத்தின் இடை, அதாவது சராசரி, 50, புள்ளிகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்று காட்டும் நியம விலகல் 10 என்று வைப்போம். 65இலிருந்து 50ஐக் கழித்து 10ஆல் வகுத்தால் இசட் 1.5. இன்னொரு பாடத்தில் 70 எடுத்தார், இடை 64, நியம விலகல் 12. இசட் 0.5 மட்டும். புள்ளி கூடிய பாடத்தில் இசட் குறைவு. இவ்வளவு நாளும் வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பதறிய எண்ணுக்குள் இடையும் நியம விலகலும் இருந்திருக்கின்றன.

சராசரி எப்போது ஏமாற்றும் என்பதற்கு இரண்டு கணக்கு. மீன் வியாபாரி ஒருவர் 40 கிலோவைக் கிலோ 900க்கும், 10 கிலோவை 1,400க்கும் எடுக்கிறார். இரண்டு விலையின் சராசரி 1,150. ஆனால் அவர் கொடுத்தது 50 கிலோவுக்கு 50,000, கிலோ 1,000. 1,100க்கு விற்றால் நட்டம் என்று முதல் கணக்கு சொல்லும், இலாபம் என்று இரண்டாவது சொல்லும். விரிதாளில், அளவையும் விலையையும் பெருக்கிக் கூட்டித் தருகிற சம்ப்ரொடக்ட் சார்பு இதற்காகத்தான். மற்றது, நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதி. வெள்ளைக்காரர் வரும் மே முதல் செப்டெம்பர் வரை 80 சதவீதம் நிரம்புகிறது, மிச்ச ஏழு மாதமும் 20 சதவீதம் என்று வையுங்கள். வருடச் சராசரி 45. 45 சதவீதம் நிரம்பும் மாதம் ஒன்றுகூட அந்த வருடத்தில் இல்லை. அந்த எண்ணை வைத்து ஆள் எடுத்தால் ஓகஸ்டில் ஆள் போதாது, டிசம்பர் மழையில் சம்பளம் கொடுக்க முடியாது.

தாளை ஒப்படைப்பதற்கு முன்

2010இல் பொருளியலாளர்கள் கார்மன் ரைன்ஹார்ட்டும் கெனத் ரோகொஃபும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அரச கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி கழித்தல் 0.1 சதவீதம் என்று அதில் இருந்தது. பல நாடுகளின் அரசியல்வாதிகள் அதை எடுத்துக்காட்டிப் பேசினார்கள். 2013இல் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸில் தோமஸ் ஹேர்ன்டன் என்ற பட்டப்பின்படிப்பு மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைத் திரும்பச் செய்து பார்த்தார். விடை வரவில்லை. அவர்களுடைய எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்தபோது, சராசரி எடுத்த சூத்திரம் 30ஆம் நிரையிலிருந்து 49 வரை போக வேண்டியது 44இலேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு தெரிவுகளும் முறைகளும் சேர்ந்துதான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கின என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் திருத்தியபோது விடை 2.2 சதவீதம்.

அதைக் கண்டுபிடித்தது உங்களைப் போல வகுப்பில் இருந்த ஒருவர் என்பதற்காகவே இதை ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். உங்கள் தாளிலும் அதே சோதனையைச் செய்யுங்கள். ஒவ்வொரு மொத்தத்தின் மேலும் இரட்டைக் கிளிக் செய்தால் எந்தக் கலங்கள் வரை போகிறது என்று நிறக் கோடு காட்டும். முதல் நிரையும் கடைசி நிரையும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். நிரைகளின் மொத்தமும் நிரல்களின் மொத்தமும் ஒன்றாக வருகிறதா என்று ஒரு கலத்தில் கழித்துப் பாருங்கள். ஓர் உள்ளீட்டைப் பூச்சியமாக்கி, விடை எதிர்பார்த்தபடி மாறுகிறதா என்று பாருங்கள். பெரிய கோப்பைப் பழைய வடிவத்தில் சேமிக்க வேண்டாம். பழைய எக்செல் கோப்பு 65,536 நிரையோடு நின்றுவிடும், புதியது 1,048,576 வரை போகும். 2020இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனாத் தொற்றாளர்களின் பதிவு உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போனதற்குப் பழைய வடிவம்தான் காரணம்.

நண்பரின் அசைன்மென்ட் கோப்பை வாங்கிப் பெயரை மாற்றிக் கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பரீட்சை மண்டபத்தில் அநேகமாகக் கொப்பிக் கணக்குத்தான் வரும், கணினி இருக்காது. அந்தக் கோப்பு அங்கே உதவாது. சேர்ந்து படிப்பது வேறு. மூன்று பேர் உட்காருங்கள், ஒருவர் கொப்பியில், ஒருவர் விரிதாளில், மூன்றாமவர் விடையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அடுத்த கணக்குக்கு இடத்தை மாற்றுங்கள்.

ஆறாவது வாரம் முடிந்ததும் வெளியே போங்கள். தெரிந்த கடை ஒன்றில், மாமாவின் ஓட்டோவில், பக்கத்து வீட்டுக் கோழிக் கூட்டில், ஒரு மாதக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். பில் கட்டும் கிழிந்த கொப்பியுமாகத்தான் கிடைக்கும். பெயர்களை எழுதாமல் எண்களை மட்டும் தாளில் ஏற்றுங்கள். எந்தப் பொருளில் எவ்வளவு மிஞ்சுகிறது, எந்த நாளில் விற்பனை விழுகிறது, கடன் இருந்தால் அதன் உண்மையான வீதம் என்ன என்று மூன்று கேள்விக்கு விடை எடுத்து, ஒரே பக்கத்தில் எழுதி, அவர்களிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்கள் எங்கே தலையை ஆட்டி "இது இப்படி வராதே" என்று சொல்கிறார்களோ, அந்தக் கலத்தை அங்கேயே திறந்து பாருங்கள்.